ஒரே கூடையில் மூன்று கீரை

போத்தல் மூடியில் ஆணியால் குத்திய ஐந்து துளைகள். கீரைக் கட்டுகளின் மேல் அதைக் கவிழ்த்து நாலு உதறு உதறுவார் றம்லத் ராத்தா. உடனே அண்ணாந்து, அதே துளைகளின் வழியாகத் தம் வாய்க்குள்ளும் கொஞ்சம் பீய்ச்சிக்கொள்வார். கண்டி பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள சந்தில், எதிர்த் தையல் கடையில் காற்சட்டைகளுக்குக் கரை மடித்தபடி ஒன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன்.

ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. இந்தச் சந்தில் அவர் எல்லோருக்குமே ராத்தாதான். திகனப் பக்கம் ஓர் ஊற்றுக்குக் கீழே சேற்று நிலம் ஒரு துண்டு வைத்திருக்கிறார். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கிக் கீரை அறுப்பார். போத்தலை அந்த ஊற்றிலேயே நிரப்பிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பார். கறுப்புக் குடை ஒன்று உண்டு. வெயிலேறினால் அது கீரைக்கு. "நான் வாடினா ஆருக்கும் தெரியாது. கீர வாடினா ஊருக்கே தெரியும்" என்பார்.

கூடையில் இருப்பது ஒரே கீரை. உள்ளே பொள்ளலான தண்டு, அம்பு முனை போன்ற இலை. ஆனால் அதன் பெயரை ராத்தா முந்திச் சொல்லமாட்டார். வந்தவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார். சிங்கள அம்மாவுக்குக் கங்குன். யாழ்ப்பாணத்தாருக்கு வள்ளல். நாவலப்பிட்டித் தோட்டங்களிலிருந்து வரும் வயதானவர்களுக்கு வள்ளைக்கீரை. "அவங்கவங்க ஊட்டுப் பேரச் சென்னாத்தான் கறி ருசி."

அந்தப் பழக்கமே போன ஐப்பசியில் அவரை மாட்டிவிட்டது.

வீரசிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற்றும் கண்டியிலேயே தங்கிவிட்டார். ஆறு வருடமாக வியாழன்தோறும் "தங்கச்சி, வள்ளல் ரெண்டு பிடி" என்று வந்து நிற்பார். அவர் சொல்லித்தான் அவருடைய ஊர்க்காரர் எட்டு வீட்டார் ராத்தாவிடம் வாங்கினார்கள். அன்று அவர் பையில் கீரை விழுந்த நேரம் பார்த்து, ஆட்டோ ஓட்டும் வீரய்யா தலையை வெளியே நீட்டினார்.

"ராத்தா, கங்குன் ரெண்டு கட்டு! வெரசா, பின்னால பொலிஸ்காரன் மொறைக்கிறான்!"

ராத்தாவின் கை அதே கூடைக்குள் போனது. மாஸ்டர் தம் பையைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி? கங்குன் கான் தண்ணியில, சாக்கடையில வாறதெல்லோ. நான் அதைத் தொடுறதே இல்லை."

"ஆறு வருசமா தின்னு செரிச்சாச்சே சேர், இனிமே என்னத்த தொடுறது!" என்று சிரித்துவிட்டு வீரய்யா பறந்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்டுதான் மாஸ்டர். நீங்க கேட்ட பேரத்தானே நானும் சென்ன."

"அதை முதல் நாளே சொல்லியிருக்க வேணும்." இரண்டு கட்டையும் கூடையில் திருப்பி வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்த வியாழன் எட்டு வீட்டில் ஒருவரும் வரவில்லை. கான் கீரை என்ற பேச்சு சந்து முழுக்கப் பரவியது. மத்தியானத்துக்குள் விற்காத கட்டு ஆட்டுக்குத்தான். நாளும் கொண்டுவந்த இரண்டு கூடை ஒன்றாகக் குறைந்தது. ராத்தா யாரிடமும் வாதாடவில்லை. "சத்தியம் பண்ணி விக்கிற சாமானா இது?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். தண்ணீர் தெளிப்பதும் குடிப்பதும் வழக்கம்போல நடந்தன.

மூன்றாம் வாரம் காற்சட்டையின் நீளத்தைக் குறைக்க மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தார். யன்னலோரக் கதிரையில் அரை மணி நேரம் இருந்தார். எதிரே ராத்தா கீரைக்குத் தெளித்தார், குடித்தார். மறுபடி தெளித்தார், குடித்தார்.

"பிள்ளை, அந்தப் போத்தலில என்ன தண்ணி?"

"கீரை வளர்ற ஊத்துத் தண்ணிங்க சேர். அவங்க வேற தண்ணி குடிக்கிறதில்ல."

காற்சட்டையை வாங்காமலே எழுந்து தெருவைக் கடந்தார். ராத்தாவின் முன் நின்று இரண்டு கையையும் குவித்து நீட்டினார். ராத்தா போத்தலைக் கவிழ்த்தார். மாஸ்டர் குடித்தார், லேஞ்சியால் வாயைத் துடைத்தார்.

எட்டு வீட்டில் ஐந்து திரும்பிவிட்டன. மறுபடி இரண்டு கூடை வருகிறது. மாஸ்டர் இன்றும் வியாழன்தோறும் வருகிறார். கீரையின் பெயரை மட்டும் சொல்வதில்லை, இரண்டு விரலைக் காட்டுகிறார். ராத்தா இரண்டு கட்டைப் பையில் வைத்துவிட்டுப் போத்தலை அவர் பக்கம் நகர்த்துகிறார்.