எழுத்தில்லாத பொட்டலம்

ஓடைப்பட்டியில் அனுசுயா வீட்டு அடுப்படியில் உப்பு டப்பாவில்கூட ‘உப்பு’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஊர் சிரிக்கும், அவள் கண்டுகொள்வதில்லை. 1998-இல் அவள் புருசன் ராக்கையா, பேர் அழிந்த பாட்டிலில் இருந்ததைப் பூச்சிமருந்து என்று நினைத்துத் தெளித்துவிட்டான். அது களைக்கொல்லி. ஒரே வாரத்தில் திராட்சைப் பந்தல் முழுக்கச் சுருண்டு கருகியது.

அப்படிப்பட்டவள்தான் 2009-இல் சின்னமனூர் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் பார்த்த ஒரு படத்தை நம்பினாள். பிஞ்சைப் பருக்கவைக்கும் பொடி. பொட்டலத்தின் மேல் வரிவரியாக என்னவோ அச்சடித்திருந்தது. நுணுக்கெழுத்து, வாசிக்க முடியவில்லை. எழுத்து இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. சென்டர்காரன் இம்மானுவேல் ஆர்டர் போட்டுக் கொடுத்தான்.

குலை முக்குகிற அன்றைக்குத்தான் கூரியர் வந்தது. கலக்கிய மருந்தில் ஒவ்வொரு குலையாக முக்கியெடுக்க எட்டுப் பெண்கள் செம்போடு பந்தலுக்குள் நின்றார்கள். அனுசுயா அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். வெள்ளைப் பாலிதீன் பை, வெள்ளைப் பொடி. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் எழுத்து இல்லை.

“ஏத்தா, வாசி. எத்தனை லிட்டருக்கு எத்தனை கிராமு?” என்றாள் கூட்டத்துக்கு மூத்தவளான மொக்கம்மாள்.

“ஒண்ணும் எழுதலக்கா.”

“கடைப் பொடிக்குப் போடுற அளவையே போடு. இல்லாட்டி ஒன் உப்பு டப்பாச் சீட்டப் பிச்சு ஒட்டிக்க!”

எல்லாரும் சிரித்தார்கள். பிஞ்சு இப்போது கம்பு மணி அளவு. மிளகு அளவைத் தாண்டிவிட்டால் முக்கிப் பிரயோசனமில்லை. இந்தப் பெண்களோ மறுபடி வரப் பத்து நாள் ஆகும். அனுசுயா ஒரு வாளி கலக்கினாள். மொக்கம்மாள் செம்பை நீட்டியதும் மறித்தாள்.

“யாரும் தொடாதீக. ஓரத்துக் கொடிய மட்டும் நான் முக்குறேன்.”

“அடியே, பருவம் போயிருமே!”

“போகட்டும்க்கா.”

கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு அந்த ஒரு கொடியை மட்டும் முக்கினாள். மிச்சத்தைத் தரிசில் குழிதோண்டி ஊற்றினாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் விடியக் கிட்டப் போனாள். தளிரெல்லாம் பூனை நகம்போல வளைந்திருந்தது. குலையைத் தொட்டாள், பிஞ்சுகள் பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டின. பின்னால் நின்ற ராக்கையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். மற்ற பந்தல் பச்சையாக நின்றது. அதைப் பார்த்ததும்தான் அவள் வரப்பில் உட்கார்ந்தாள்.

முதல் பஸ்ஸில் போய் சென்டர் வாசலில் காத்திருந்தாள். இம்மானுவேல் வந்து திறந்து அந்தப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினான். விற்றவன் பேர் இல்லை, ஊர் இல்லை, போன் நம்பர் இல்லை. படத்தைப் பெரிதாக்கினான். எழுத்தென்று அவள் நம்பியது வெறும் கோடுகள்.

“புகார் குடுக்கணும்னா எதிராளி பேரு, விலாசம் வேணுமேக்கா” என்றவன், தலையைச் சொறிந்தான். “ஒங்க ஊரு கர்ணண்ணனும் போன வாரம் இதையே ஆர்டர் போட்டாக. ‘அனுசுயாவே வாங்குதுன்னா எல்லாம் பாத்துத்தான் வாங்கியிருக்கும்’னு சொன்னாக.”

“அவுகளுக்கு வந்துருச்சா?”

“நேத்தே வந்திருக்கும்.”

இன்றைக்குக் கர்ணன் தோட்டத்தில் குலை முக்கு. வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தாள், பெண்கள் செம்போடு போய்க்கொண்டிருந்தார்கள்.

“அவுகளுக்குப் போனப் போடு!”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு மேலாக மொக்கம்மாளின் சிரிப்பு.

“அக்கா, முக்கிட்டீகளா?” என்று அலறினாள் அனுசுயா.