பாசஞ்சரை விடச் சொன்ன ஞாயித்துக்கெழமை

பாம்பன் பாலத்தை எஞ்சின் கூண்டுல நின்னுக்கிட்டே தாண்டுன ஆளு இந்த ராமநாதபுரத்துல நான் ஒருத்தன்தான்.

பொய். எஞ்சின் கூண்டுல என்னைய எவன் ஏத்துவான்? மூணாங்கிளாஸ் பெட்டியில, ஒரு மொளகா மூட்டைக்குப் பின்னால குத்தவச்சு, ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிட்டுத்தான் தாண்டுனேன். பாலம் எப்படி இருந்துச்சுன்னு வீட்டுல கேட்டாக. காரமா இருந்துச்சுன்னேன்.

பேரு சாத்தையா. ஸ்டேசன் வாசல்ல குதிரை வண்டி ஓட்டுறேன். ரயில் மேல கிறுக்குப் பிடிச்ச குதிரை வண்டிக்காரன்னா ஊரு சிரிக்காம என்ன செய்யும்? என் குதிரையே சிரிக்கும். பள்ளிக்கூடம் போனதில்ல. தெரிஞ்ச எழுத்தெல்லாம் ஸ்டேசன் போர்டைப் பாத்துக் கத்துக்கிட்டது. அதனால இதை நான் சொல்லச் சொல்ல, டெய்லர் காதரு அளவு நோட்டுக்குப் பின்னாடி எழுதுறான். கோவத்துல நான் சொல்ற சில வார்த்தைய எழுத மாட்டேங்குறான். அந்த எடத்துல நீங்களே ஒண்ணைப் போட்டுக்கங்க.

எங்க கூட்டத்துக்கு ஊருல 'எஞ்சின் பைத்தியங்க'ன்னு பேரு. மொத்தம் ஆறு பேரு. விசில் கேட்டா காதரு மெஷினை நிப்பாட்டிருவான், பாதிக் கை தைச்ச சட்டை அப்படியே தொங்கும். ஐப்பசி வந்தா எங்களுக்குத் திருவிழா. வெயில் காலத்துல எஞ்சின் விடுற ஆவி கண்ணுக்கே தெரியாது. ஐப்பசி ஈரத்துல பஞ்சு பஞ்சா நிக்கும். ஞாயித்துக்கெழமையானா புளிச்சோத்தைக் கட்டிக்கிட்டு, உச்சிப்புளிப் பக்கம் தண்டவாளத்து ஓரமா போய் உக்காந்துருவோம். வண்டி நாலு நிமிசத்துல போயிரும். அதைப் பத்திப் பேசி முடிக்கப் பொழுது சாஞ்சிரும்.

எங்களுக்குத் தலைவரு பத்திரம் நாகரத்தினம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து நெலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் எழுதுறவரு. அவருகிட்ட ஒரு பாக்கெட் கடியாரம், ஒரு தடி நோட்டு. எந்த எஞ்சின் எப்ப வந்துச்சு, எங்க நின்னுச்சு, எத்தனை நிமிசம் லேட்டு, எல்லாம் நோட்டுல இருக்கும். ஆனா ஒரு ஆளு மட்டும் பாத்த எஞ்சினை எழுத மாட்டாரு. பத்திரத்துக்கு ரெண்டு சாட்சி வேணும்ல, அதே சட்டம் எஞ்சினுக்கும். நான் தனியாப் பாத்த எஞ்சின் எத்தனையோ, ஒண்ணுகூட அந்த நோட்டுல ஓடல.

சொதந்திரம் வந்து ஏழு வருசம் ஆகியிருந்த ஐப்பசி. மெயிலுக்கு ஒரு புது எஞ்சின் வருதுன்னு மதுரையில இருந்து தாக்கல் வந்துச்சு. அந்த ஞாயித்துக்கெழமை மெயில்லயே ஏறி, மண்டபத்துல கொஞ்ச நேரம் எஞ்சினைப் பாத்துட்டு, பாலம் தாண்டி பாம்பன் வரைக்கும் போறதா ஏற்பாடு. மண்டபம் இருபத்தி மூணு மைலு, டிக்கெட்டு பதினோரு அணா.

காலம்பற ஏழரை. பஸ் ஸ்டாண்டுல கீழக்கரை பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஒரு தகரப் பொட்டியோட எறங்குனாரு இபுராகிம் பாய். ஸ்டேசனுக்கு நாலணான்னேன். பேரம் பேசல. பேரம் பேசாத ஆளக் கண்டா எனக்கு வாய் ஊறிரும்.

"எங்கன போறீக பாய்?"

"தலைமன்னாருக்கு. கடை அங்கதான். பொண்டாட்டி, ரெண்டு மகளும் அங்கதான். உம்மா மவுத்தாயிட்டாங்கன்னு அடக்கத்துக்கு வந்தேன். இன்னையோட சிலோன் பெர்மிட் முடியுது தம்பி. தனுஷ்கோடியில நாலு மணிக் கப்பல்ல ஏறியே ஆகணும். நாளைக்குப் போனா உள்ள விடமாட்டான்."

"எட்டு மணிப் பாசஞ்சருக்கா போறீக? அட, அதுல போகாதீக பாய்."

சொன்னது இந்த வாய்தான். ஸ்டேசன்ல நாகரத்தினமும் காதரும் நின்னாக. நாகரத்தினம் நோட்டை விரிச்சாரு. "பாசஞ்சர் ஐப்பசியில பாதி நாள் லேட்டு. மெயில் லேட்டே கெடையாது. பாருங்க, எழுதியிருக்கு. பத்து நாப்பதுக்கு எடுத்தா மூணு மணிக்குள்ள கப்பல் கிட்டப் போய் நிப்பீக."

பாய் நோட்டைப் பாத்தாரு, கடியாரத்தைப் பாத்தாரு. எழுதியிருக்குன்னா எவனுக்கும் ஒரு மரியாதை வரும்ல. பாசஞ்சர் வந்துச்சு, நின்னுச்சு, போச்சு. அவரு பெஞ்சுல பொட்டி மேல கைய வச்சு உக்காந்திருந்தாரு.

உண்மையச் சொல்லிர்றேன். அவரு நல்லதுக்காகச் சொல்லல. புது எஞ்சினைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் கேக்க ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. மெயில் வர்ற வரைக்கும் வேற ஆளு சிக்கல. இதுக்கு என்னைய எதால அடிக்கலாம்னு காதரு கிட்டக் கேட்டேன். அதையும் எழுத மாட்டேங்குறான்.

பத்து நாப்பது. மெயில் சரியா எடுத்துச்சு. கறுப்புன்னா கறுப்பு, எண்ணெய் தடவுன எருமை மாதிரி மினுங்குச்சு எஞ்சின். வாலாந்தரவை, உச்சிப்புளின்னு ஒவ்வொரு போர்டையும் நான் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். பாய் சிரிச்சாரு. "ரயில்வேயில வேலையா?"ன்னாரு. "ஆமா, ரயில்வே வாசல்ல"ன்னேன். அவரு மகளுக ரெண்டு பேரும் கப்பல் வர்ற நேரத்துக்குத் துறைக்கு வந்து நிப்பாங்களாம். எறங்குற ஆள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருக்குமாம் சின்னது. அதையெல்லாம் அப்பத்தான் சொன்னாரு.

பன்னெண்டுக்கு மண்டபம் வந்தப்ப தொப்பி பறக்குற காத்து. பாலத்துல காத்தை அளக்குற கிண்ணச் சக்கரம் ஒண்ணு உண்டு. அது வேகமாச் சுத்துனா சிக்னல் விழாது, வண்டி நகராது. எட்டு மணிப் பாசஞ்சரு? அது ஒம்பதரைக்கெல்லாம் வெத்தல போட்டுக்கிட்டுப் போற மாதிரிப் பாலத்தைத் தாண்டிருச்சுன்னு போர்ட்டர் சொன்னான். பாய் காதுல விழுந்துச்சு. அவரு என்னையப் பாக்கல. பாத்திருந்தாக்கூடத் தேவலை.

எங்காளுகளுக்கு அன்னைக்குக் கொண்டாட்டம். மெயில் மண்டபத்துல பத்து நிமிசத்துக்கு மேல நின்னதே இல்ல. இப்ப புது எஞ்சின் ஒரு மணி நேரமா அசையாம நிக்குது, தொட்டுப் பாக்கலாம், சுத்திச் சுத்தி வரலாம். புளிச்சோத்தை எஞ்சின் நெழல்ல பிரிச்சாக. "அதிர்ஷ்டம்டா"ன்னு நாகரத்தினம் எழுதிக்கிட்டே சிரிச்சாரு. நான் என் பங்கை மடக்கி வச்சுட்டு அவரு கிட்டப் போனேன்.

"அண்ணே, அந்தாளு பெர்மிட் இன்னையோட முடியுதுண்ணே."

"காத்துக்கு நான் என்னலே பண்ணுவேன்? ஐப்பசியில ஒரு மணி வரைக்கும் சிக்னல் விழலேன்னா சாயங்காலம் வரைக்கும் விழாது. கூட்ஸ் வண்டிக நின்ன மூணு வருச நோட்டு சொல்லுது."

அப்பவும் எனக்குப் புத்தி வந்துச்சா? நேரா பாய் கிட்டப் போய் நோட்டு சொன்னதைச் சொன்னேன். வள்ளத்துல பாம்பனுக்குப் போயிரலாம், அங்கன இருந்து ஏதாவது வண்டி தனுஷ்கோடிக்கு இருக்கும்னேன். ரெண்டாவது தடவை, அதே வாய்.

அவரு எந்திரிச்சு பொட்டியைத் தூக்குனாரு. "நீங்களும் வாங்க. நீங்க சொல்ற வழிதானே?"

ஒண்ணரை மணி. வள்ளக்காரரு அஞ்சு ரூபா கேட்டாரு. "ரயிலுதான் காத்துக்குப் பயப்படும். பாலத்துக்குத் தெக்கால ஒட்டிப் போனா வள்ளத்துக்கு ஒண்ணுமில்ல. ஆனா வாந்தி எடுக்குறவன் காத்துக்கு எதுத்தாப்புல எடுக்கக் கூடாது." யாரைச் சொல்றாருன்னு அப்பப் புரியல. கால் நாழியில புரிஞ்சிருச்சு. காலம்பற தின்ன இட்லி, பதினோரு அணா டிக்கெட்டு, எஞ்சின் மேல இருந்த ஆசை, எல்லாம் கடலுக்குள்ள போச்சு.

பாதிக் கடலுக்கு வந்திருப்போம். சொல்லி வச்ச மாதிரி காத்து படுத்துருச்சு. வள்ளக்காரரு துடுப்பை நிப்பாட்டிட்டு மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. புகை கெளம்புது.

சிக்னல் விழுந்துருச்சு.

ஒண்ணேகால் மைல் பாலத்துல, மாடு நடக்குற வேகத்துல, எங்க தலைக்கு மேல மெயில் போச்சு. ஒவ்வொரு தூணும் நடுங்குறது தெரிஞ்சுச்சு. சன்னல்ல எங்காளுக. நான் எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையையும் ஆட்டி, "பாம்பன்ல வண்டியப் பிடிச்சு வைங்க! கார்டுகிட்டச் சொல்லுங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அவுக பதிலுக்குக் கைக்குட்டையை ஆட்டுனாக. நாகரத்தினம் கடியாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆட்டுனாரு.

இபுராகிம் பாய் மேல பாத்தாரு. கடைசிப் பெட்டி போற வரைக்கும் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "இப்ப எந்த வண்டியில ஏறணும் சாத்தையா? சொல்லுங்க."

அடிச்சிருக்கலாம் என்னைய. வள்ளத்துல துடுப்பு இருந்துச்சு.

"பாம்பன்ல ராமேஸ்வரத்துப் பெட்டியக் கழட்டுவாக பாய், எஞ்சின் தண்ணி குடிக்கும், இருபது நிமிசம்..."

"வாயை மூடிக்கிட்டு வாங்க."

கரையில எறங்கிப் பொட்டியைத் தலையில வச்சு மணல்ல ஓடுனேன். கால் பொதையப் பொதைய ஓடுனேன். செருப்பு ஒண்ணு இன்னும் பாம்பன்லதான் கெடக்கு. பிளாட்பாரத்துல ஏறுனப்ப கார்டு பெட்டியோட செவப்பு வெளக்கு வளைவுல திரும்புது. நாகரத்தினம் தண்ணித் தூணுக்குப் பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டிருந்தாரு.

"பதினோரு நிமிசம்லே! பதினோரு நிமிசத்துல தண்ணி குடிச்சு, பெட்டியக் கழட்டி, எடுத்துட்டான்! எவ்வளவு நேரத்தை ஈடு கட்டிட்டான் பாத்தியா?"

"கத்துனேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. சந்தோசத்துல கத்துறேன்னுல்ல நெனச்சோம்."

பாய் பொட்டி மேல உக்காந்தாரு. கடல் பக்கம் திரும்பி உக்காந்தாரு. "சின்னது எண்ணிக்கிட்டு இருக்கும்"னு சொன்னாரு. எங்க யாரு கிட்டயும் இல்ல, சும்மா சொன்னாரு. காதரு போய்ப் பக்கத்துல உக்காந்தான். நான் நாகரத்தினம் கைய மொறைச்சுப் பாத்துக்கிட்டே நின்னேன். அந்தக் கை நிக்கவே இல்ல, எழுதிக்கிட்டே இருந்துச்சு.

கப்பல் போயிருச்சு, இனி பெர்மிட்டை நீட்டிக்கத் தாலுகா ஆபீசுல மனு போடணும்னாக. காலம்பறயே ஊருல வண்டி இருந்தும் ஏன் போகல, வேணும்னே தங்குனியான்னு கேப்பாகளாம். ஸ்டேசனுக்கு நேரத்துக்கு வந்தாரு, இன்னின்னார் தப்பாச் சொல்லி நிப்பாட்டுனாகன்னு ரெண்டு பேரு சாட்சி போட்டா ஒரு வழி இருக்குன்னாக. மறுநாளே நாகரத்தினம் கிட்டப் போனேன். மனுவை அழகா எழுதிக் குடுத்தாரு. கையெழுத்துன்னதும் பேனாவை மூடிட்டாரு.

"எஞ்சினுக்குச் சாட்சி சொல்லுவேன்லே. என் வாய்க்கு எதிரா நானே சாட்சி சொல்லுவனா? நாளைக்கு எவன் என்கிட்டப் பத்திரம் எழுத வருவான்?"

ரெண்டு கண்ணு பாக்கலேன்னா ஒரு எஞ்சினையே நம்ப மாட்டேன்னு ஏழு வருசமா எங்களை நிக்க வச்ச ஆளு! அவரு ரெண்டு கண்ணும் அன்னைக்கு அங்கனதான் இருந்துச்சு. அவரு நோட்டும் இருந்துச்சு. ஒரு மனுசன் பொண்டாட்டி புள்ளையப் பாக்கணும்னு வந்து நின்னா, கண்ணும் இல்ல, நோட்டும் இல்ல. அன்னைக்கு நான் பேசுனதுல பாதிய காதரு இங்க எழுதல.

காதரு முதல் சாட்சி போட்டான். ரெண்டாவது நான். பெருவிரல் மையை நீட்டுனாக, வேணாம்னேன். என் பேரு மூணு ஸ்டேசன்ல கெடக்கு. சத்திரக்குடியில ச எடுத்தேன், வாலாந்தரவையில 'த'வும் காலும் அந்த ரெட்டைச் சுழியும், சூடியூர்ல ய. கோணக்கோணலா 'சாத்தையா'ன்னு போட்டேன். நாந்தான் நிப்பாட்டுனேன்னு அதுக்கு மேல எழுதியிருந்துச்சு. என் பேரு முதல் தடவையா ஒரு காகிதத்துல ஏறுனது இப்படித்தான், முட்டாள்னு ஒத்துக்கிட்டு.

இப்ப தை மாசம். தாலுகா ஆபீசுக்கு எதுத்த டீக்கடையில உக்காந்துதான் இதைச் சொல்றேன். பதில் இங்கதான் வரும்னு வாரத்துக்கு ஒருக்கா பாயைக் கீழக்கரை பஸ்ஸுல இருந்து நாந்தான் கூட்டிக்கிட்டு வாரேன். அவரு தகரப் பொட்டி மூணு மாசமா என் வண்டியிலயேதான் இருக்கு. எடுக்க வேணாம்னுட்டாரு. இப்பவும் உள்ள போயிருக்காரு. அரை மணியாச்சு.

நேத்து ஒரு கூத்து. நாகரத்தினம் ஸ்டேசன்ல என்னைய மடக்கி அந்த நோட்டை நீட்டுறாரு. "பாலத்துல போற புது எஞ்சினைக் கடல்ல இருந்து பாத்தவன் நீ ஒருத்தந்தான்லே. விவரம் சொல்லு, எழுதிக்கிறேன். ரெண்டாவது சாட்சிக்கு வேணா அந்த பாயைக் கேட்டு..."ன்னாரு. பாயைக் கேட்டுன்னாரு! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. நோட்டைக் கையில வாங்குனேன். வாங்கி, தண்டவாளத்துப் பக்கமாத் திரும்பி...

"சாத்தையா! சாத்தையா! வண்டியக் கட்டுங்க!"

இருங்க. பாய் ஓடி வாராரு. கையில காகிதம். செருப்பில்லாம ஓடி வாராரு.

"பெர்மிட்டுல முத்திரை விழுந்துருச்சு சாத்தையா! இப்ப எந்த வண்டி இருக்கு?"

காதரு, நோட்டை மூடு. வர்ற வண்டி பாய், எதுவோ, முதல்ல வர்ற வண்டி. ஏறுங்க.