மேல்சபை எந்தப் பக்கம்

வேடியப்பன் மாமாவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர், அறுபத்திரண்டு வயசு. தலையில் மூட்டை இல்லாதபோதும் இருக்கிற மாதிரியே வேகமாக நடப்பார். கருணாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அவர் 'மலைக்காரர்'. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கும் போன மார்ச் வரைக்கும் தெரியாது.

என் அத்தை மலர்விழி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு என் பகல் பொழுதெல்லாம் அங்கேதான். மாமா அன்று ஆதார் நகல் எடுக்க வந்திருந்தார். பக்கத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா பேப்பரைப் பார்த்துவிட்டு, "மேல்சபைக்கு எலக்‌ஷன் வருதாம்" என்றார்.

"எந்த மேல்சபைங்க? மலையிலயா?" என்று கேட்டார் மாமா.

"மலையில இன்னா சபை இருக்குது? டெல்லியிலய்யா. ராஜ்யசபா."

மாமா ஆதாரை வாங்காமலே வெளியே போனார். கோர்ட்டு வாசல் வரை போய்த் திரும்பினார். மறுபடி போனார். மூன்றாவது தடவை உள்ளே வந்து, "மலரு, அங்க பேசறத எழுதி வெப்பாங்களா? ரொம்ப வருசத்துக்கு முன்ன பேசினது?" என்றார்.

"எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டுக்கினு இருக்காங்க அண்ணே. இன்னா விசயம்?"

மாமா சொன்னார். அவர் அப்பா பச்சமுத்து. அவர் காலத்தில் மலைக்கு ஜாகீர்தார்கள்தான் ராஜா. வீட்டுக்கு ஒரு ஆள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் ஏர் ஓட்ட வேண்டும். ஒருநாள் கீழேயிருந்து பெயர் தெரியாத கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் மலையைப் பார்க்க வந்தார். பச்சமுத்து இரண்டு நாள் அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஆறு மாசம் கழித்து ஒரு ஆள் வந்து, "நீ சொன்னத அய்யா மேல்சபையில பேசிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பச்சமுத்து ஊரெல்லாம் சொன்னார்: "என் பேச்ச ஒருத்தர் மேல்சபையில நின்னுக்கினு பேசினாரு!"

மலையில் 'மேல்' என்றால் ஒரே பக்கம்தான். ஜாகீர்தார் வீடு இருக்கிற மேட்டு ஊர். சபை என்றால் அங்கே கூடுகிற பஞ்சாயத்து. அதில் ஊர்க்காரர்கள் எல்லாருமே கைகட்டிக் குந்தியிருந்தவர்கள். அங்கே அப்படி எவனும் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பச்சமுத்துவுக்கே அது எங்கே இருக்கிற சபை என்று தெரியாது. அதனால் புளுகன் ஆனார். "இன்னா மேல்சபை, நின்னுக்கினு பேசினாரா, படுத்துக்கினா?" என்று சின்னப் பசங்க கூடக் கேட்டார்கள்.

கீழே நடந்த மாமாவின் கல்யாணப் பந்தலிலும் ஒருத்தன் கேட்டான். பெண் வீட்டார் சிரித்தார்கள். இருபத்திரண்டு வயசு மாப்பிள்ளைக்கு மானம் போய்விட்டது. "எங்கப்பன் புளுகுவான், வுடுங்க" என்றார். பச்சமுத்து பாதிச் சோற்றில் எழுந்து, கை கழுவி, மலை ஏறிப் போனார். மகன் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. இரண்டு வருசத்தில் செத்துப்போனார். அக்கா சின்னப்பொண்ணு இன்னும் மலையில்தான் இருக்கிறார். தம்பியோடு நாற்பது வருசமாகப் பேச்சில்லை.

"அவரு சொன்னது நெசமான்னு மட்டும் பாத்து சொல்லு" என்றார் மாமா. நிஜமாக இருந்தால் தன் பாடு இன்னும் மோசம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

தேடினோம். பச்சமுத்துவை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதிப் பார்த்தோம். கல்வராயனையும் போட்டோம். ஒன்றும் வரவில்லை. அத்தை வேறு, "சென்னையிலயும் ஒரு மேல்சபை இருந்துச்சு, அப்புறம் எடுத்துட்டாங்க. ஒருவேள அதுவோ?" என்று புதுக் குழப்பம் கிளப்பியது. மாமா தினமும் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் ஓடி வருவார். மெம்பர்கள் பட்டியல் மட்டும் வண்டி வண்டியாகக் கிடைத்தது. பிறந்த தேதி, படிப்பு, பிள்ளைகள் எத்தனை, பொழுதுபோக்கு தோட்டவேலை.

"பேசினவங்க தோட்டம் வரைக்கும் எழுதி வெச்சிக்கிறாங்க. பேச சொன்னவன எங்க வெச்சிக்கிறாங்க?" என்றார் மாமா.

ஆறாவது நாள் எனக்குப் பொறுமையும் போச்சு, புத்தியும் போச்சு. அத்தை பேங்குக்குப் போயிருந்தது. சிங்க முத்திரை போட்டு, எட்டு இடத்தில் பச்சமுத்து பெயர் போட்டு ஒரு பக்கம் அடித்தேன். மிச்ச இடத்தை பசுவைப் பற்றி நான் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் கட்டுரையால் நிரப்பி, லேமினேஷனும் போட்டேன். "கெடச்சிடுச்சி மாமா!"

"இதுல எது எங்கப்பன் பேரு?"

காட்டினேன். எட்டு இடத்திலும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். "காலையில மலைக்கிப் போறேன். அக்கா பேரன் பன்னெண்டாவது படிக்கிறான். எல்லார் முன்னாலயும் அவன் படிப்பான்."

பசு கண்முன் வந்து நின்றது. சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மலையிலிருந்து வந்த ஒரு பொம்பளை ஊராட்சி ஒன்றியத்துக் காகிதம் ஒன்றை நகலெடுக்கக் கொடுத்தது. கண்ணாடியில் கவிழ்க்கும்போது பார்த்தேன். இங்கிலீஷில் மலையின் பெயர் 'கல்ராயன்' என்று இருந்தது. சர்க்காருக்கு நடுவில் இருக்கிற 'வ' வேண்டாம் போல. அதை அப்படியே போட்டுத் தேடினேன். மூன்று பக்கம் வந்தது. வருசம் அறுபத்தொன்பது.

காலையில் மாமா பையோடு கடைக்கு வந்தார். அத்தை படித்துத் தமிழில் சொன்னது:

"'கல்ராயன் மலையில் என் பெட்டியைச் சுமந்து வந்த ஒருவர் சொன்னதை இந்தச் சபையில் வைக்கிறேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் அங்கேயே வாழ வேண்டியவர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: அங்கே நின்றுகொண்டு பேசுவீர்களா, கையைக் கட்டிக்கொண்டா? நின்றுதான் பேசுவேன் என்றேன்.'"

மாமா ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து லேமினேஷனை எடுத்தார். "அப்போ இது இன்னா?"

"நான் அடிச்சது மாமா. பசு கட்டுர."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ அதைக் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். லேமினேஷன் கிழியவில்லை. "நல்லா தான் போட்டுக்கிற, கய்த" என்று குப்பைக் கூடையில் செருகிவிட்டு, அத்தையிடம் போன் கேட்டார். ஸ்பீக்கர் போட்டோம்.

"அக்கா... நான் வேடியப்பன்."

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா சொன்னது நெசம். டெல்லியில பேசியிருக்காங்க. எழுதி வெச்சிக்கிறாங்க."

"படிக்கச் சொல்லு."

அத்தை மறுபடி படித்தது. கடைசியில் கிழவி கேட்டார்: "பேரு?"

"பேரு இல்லக்கா. வேணும்னே தான் வுட்டுட்டாரு."

"புண்ணியவான். சொல்லியிருந்தா அன்னிக்கே வூட்ட கொளுத்தியிருப்பானுங்க." அப்புறம் சொன்னார்: "நீ அப்பாவ புளுகன்னு பந்தல்ல சொன்ன. நூறு பேரு இருந்தாங்க."

"ஆமாங்க்கா."

"ஞாயித்துக்கெழம கொள்ளுப்பேத்திக்கு காது குத்தறோம். அன்னிக்கி எவ்ளோ கம்மியா வந்தாலும் நூறு பேரு வருவாங்க. வந்து நின்னுக்கினு சொல்லு."

கிழவி போனை வைத்துவிட்டார். மாமா நெற்றி வியர்வையைத் துடைத்தார். மூன்று பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஞாயித்துக்கெழமைக்கி இன்னும் நாலு நாளு கெடக்குதே மலரு" என்றார். "இன்னா சொல்லறதுன்னு இப்பவே எழுதிக் குடு."

"உங்க வாயால தான சொல்லணும் அண்ணே?"

"ஆங்" என்றார். வாசலுக்குப் போய், வெயிலைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "எங்கப்பன்..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.