டிரில் மாஸ்டரின் அவசரம்

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் ஹைஸ்கூல் படித்தபோது, நீச்சல் போட்டிக்காகக் குளத்தில் பயிற்சி செய்தோம். அன்று காலை குற்றாலச் சாரல் விடவில்லை. குளிரில் விறைத்திருந்த நான் கரையில் நின்று கை காலை நீட்டி மடக்கினேன். டிரில் மாஸ்டர் பிரம்பால் முதுகில் தட்டினார்.

"ஏலே, இங்கன டான்ஸா ஆடுத? குதிலே."

குதித்தேன். நடுக்குளத்தில் இரண்டு கெண்டைக்காலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டன. மூழ்கினேன். துணி வெளுத்துக்கொண்டிருந்த மாடத்தி அக்காதான் நீந்தி வந்து, முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள்.

மாஸ்டரோ, "நீச்சல் தெரியாதவன் ஏம்லே பேரு குடுத்த?" என்று என்னையே வைதார்.

"வெறச்சுப்போன புள்ளைய எறக்கிவிட்டது நீங்க. அவனயா வையுதிய?" என்றாள் அக்கா. அவர் பிரம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது உடம்பு சூடேறிய பிறகே தண்ணீரில் இறங்குகிறேன். யாராவது அவசரப்படுத்தினால், "அப்ப நீங்க மொதல்ல குதிங்க" என்று சொல்லிவிடுகிறேன்.