ஈப்பிடிப்பானுக்கு அடைத்து வைத்த பெட்டிகள்

லாம்மர்ட் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நிறுத்தத்தில்கூட நேரத்துக்கு முன்னால் கிளம்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பெற்ற மகனே டைரியில் நாள் குறிக்காமல் காபிக்கு வராத ஊர் அது. ட்ரெந்தே மாகாணத்து ஓக் காட்டில், பறவைகள் கூடுகட்ட மரங்களில் மாட்டி அவர் பார்த்துக்கொண்ட கூட்டுப்பெட்டிகளுக்கும் அதே சட்டம்தான்.

குளிர்காலம் முழுக்க இங்கேயே கிடந்து, ஊரார் பறவைகளுக்கென்று தொங்கவிடும் கொழுப்பு உருண்டையைத் தின்று கொழுத்த பட்டாணிக் குருவிகள் எல்லாப் பெட்டியையும் வளைத்துப் போட்டுவிடும். அதனால் பாதிப் பெட்டிகளின் வாயை மரக்கட்டையால் அடைத்து வைப்பார். ஆப்பிரிக்காவிலிருந்து ஈப்பிடிப்பான் பறவைகள் வந்திறங்கும் சமயம், பழைய ராணி தினத்துக்கு மறுநாளான மே முதல் தேதி, ஏணியோடு போய்த் திறந்துவிடுவார். ஒரு காலத்தில் காடு முழுக்க அவற்றின் பாட்டுத்தான். இப்போது வசந்தம் முந்திக்கொள்கிறது. குஞ்சு பொரிப்பதற்குள் புழுக்கள் தீர்ந்துபோகின்றன. குஞ்சுகள் பட்டினியில் சாகின்றன. போன வருஷம் மிஞ்சியது ஒரே ஜோடி. காலில் வளையம் போட்ட அந்த ஆண் திரும்பி வந்தால்தான் காட்டில் ஈப்பிடிப்பான் உண்டு.

ஏப்ரல் பாதியிலேயே ஓக் துளிர்த்துவிட்டது. மனைவி ஆல்ட்யே விடவில்லை.

"போய்க் கட்டையப் பிடுங்கிட்டு வாயேன். புழு வந்தாச்சு, அவனும் சீக்கிரமா வருவான்."

"இன்னும் நாள் இருக்கு."

"அவன் உன் காலண்டரப் பாத்துட்டா பறந்து வர்றான்?"

"இப்பவே திறந்தா பட்டாணிக் குருவி புகுந்துரும், ஆல்ட்யே."

"ஏணி ஏறச் சோம்பேறித்தனம், அதச் சொல்லு."

அவர் சிரித்தார். போகவில்லை.

குறித்த நாளில் போனார். அடைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தார். பாட்டுச் சத்தம் இல்லை. பட்டாணிக் குருவி குடியிருந்த பக்கத்துப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பாசி மெத்தையின் மேல் வளையம் போட்ட ஆண் கிடந்தது. மண்டை பிளந்திருந்தது. தன் பெட்டி அடைத்துக் கிடக்கவே இதற்குள் நுழைந்திருக்கிறது. குருவி கொத்திக் கொன்றுவிட்டது. உடம்பு காய்ந்துபோயிருந்தது. வந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

லாம்மர்ட்டுக்கு அழுகை வரவில்லை. வருத்தம்கூட வரவில்லை, அதுதான் அவருக்கே பயமாக இருந்தது. மீதிக் கட்டைகளையும் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஆல்ட்யே காபி ஊற்றினாள். ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடினாள்.

"என்ன, வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"பாத்தியா, நான் சொன்னேன்ல! எந்தப் பெட்டியில இருக்கான்?"

அவர் காபியைத் தள்ளி வைத்தார்.

"நீ சொன்னப்பவே வந்துட்டான்," என்றார்.