கரண்ட் போன நேரத்தில் நீனோ

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தாறு வயதில், சித்தூர் சர்ச் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் பிடித்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம். மகள் இதை அப்படியே படம் எடுத்து அவள் வலைப்பூவில் போடுகிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் நான் வாடகை அம்பாசிடர் ஓட்டினேன். அந்த மார்ச்சில் இத்தாலியிலிருந்து, பாட்டுக்குழு வைத்திருந்த இரண்டு பேர் வந்தார்கள். அல்தோ பாடுகிறவன். நீனோ டிரம் அடிக்கிறவன். முதல் இசைத்தட்டு அவர்கள் ஊரில் நன்றாக விற்றதாம், இரண்டாவது விற்கவில்லையாம். மூன்றாவதுக்குப் புதுச் சத்தம் தேடி பேட்டரி டேப் ரிக்கார்டரோடு அலைந்தார்கள். இந்தத் தடவை டிரம்முக்கு மெஷின் போதும் என்பது அல்தோவின் எண்ணம். அப்படியானால் நீனோவுக்குக் குழுவில் இடமில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் நீனோவே இதைச் சொன்னான். சொல்லும்போதும் விரல் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே இருந்தது.

காலை ஆறரைக்குக் கிளம்பி, கார்வேட்டிநகரம், புத்தூர் வழியாக நகரி போனோம். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அன்று முழுவதற்கும் வாடகை முந்நூறு ரூபாய். அங்கே என் சிநேகிதர் எத்திராஜ் எட்டு பவர்லூம் வைத்திருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னா தேவதாசு, நாங்க இந்தச் சத்தத்துக்கு காதுல பஞ்சு வெச்சிக்கினு கீறோம். இவங்க பிளேன் ஏறி வந்து புட்சிக்கினு போறாங்களா?"

தறிகள் ஓடின. மெஷின் தப்பே செய்யாது என்று அல்தோ நீனோவைப் பார்த்தே சொன்னான். நீனோவின் விரல் தறிச் சத்தத்தோடு சேர்ந்து தொடையில் தட்டியது.

பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. எட்டுத் தறியும் நின்றன. நீனோ நூல் சுற்றும் தார்க்குச்சி இரண்டை எடுத்து, தறிச் சட்டத்தில், தறிச் சத்தம் விட்ட இடத்திலிருந்தே தட்ட ஆரம்பித்தான். தறிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. பதினைந்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்து, பக்கத்துத் தறி ஓடியபோது, அவன் தாளம் ஒரு இழைகூட நகர்ந்திருக்கவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து திருப்பதி ஸ்டேஷன் ஐம்பது கிலோமீட்டர். வழி முழுக்க அல்தோ அந்தப் பதினைந்து நிமிடத்தையே திரும்பத் திரும்பப் போட்டான். இறங்கும்போது என்னிடம் சொன்னான்: "மெஷினுக்கு கரண்ட் வேணும். இவனுக்கு வேணாம்."

நீனோ என் கையைப் பிடித்தவன் ரயில் வரும்வரை விடவில்லை.

மறுவருஷம் தபாலில் அவர்கள் கேசட் வந்தது. தறிச் சத்தம், நடுவில் தார்க்குச்சி மட்டும் தனியாக. எழுத்துத் தெரியாத நான் தபால் உறையை அடுப்பில் போட்டுவிட்டேன். அதன் பின்பக்கம் நீனோவின் முகவரி இருந்தது என்று தபால்காரர் பிறகுதான் சொன்னார். நன்றி சொல்ல வழியில்லாமல் போயிற்று. வேறு தபாலும் வரவில்லை. குழு இருக்கிறதா, கலைந்துவிட்டதா, தெரியாது. கேசட்டும் தேய்ந்துவிட்டது.

நகரி போகிறவர்கள் காலையிலேயே போங்கள். தறிக்கூடத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். வேட்டி, துப்பட்டா நுனியைச் செருகிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் உடனே கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் நீனோவுக்கு எழுதப்போகிறேன். முகவரி இல்லாததால் இங்கேயேதான் எழுத வேண்டும்.