வடையும் பாயசமும் செய்த புதன்கிழமை

மனைவி இறந்து இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இரவுக்கு உப்புமா, இல்லாவிட்டால் ரசம் சோறும் முட்டையும்தான். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை முடித்து உத்திரமேரூர் வந்து சேரும்போது எனக்கு அதற்குமேல் தெம்பு இருக்காது.

ஒரு புதன்கிழமை மில்லில் மிஷின் ரிப்பேர் என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். எட்டு வயது மகளுக்கு ஒரு நாளாவது நல்ல சாப்பாடு போடலாமென்று சாம்பார், பொரியல், வடை, பாயசம் எல்லாம் செய்து, பொழுது சாயும் நேரத்தில் இலை போட்டேன்.

அவள் கையே வைக்கவில்லை. இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாடி, இவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிகீறேன், புடிக்கலியா?" என்று கத்திவிட்டேன்.

"இன்னும் காக்காவுக்கே வெக்கலியே நைனா. இருட்டிக்கினு வருது, இனிமே எப்டி வரும்?" என்றாள். சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "அம்மாவுக்குப் படைக்காம நாம துன்னலாமா?" என்று கேட்டாள்.

மனைவி போனபிறகு வடை பாயசத்தை அவள் எங்கள் வீட்டில் அம்மாவின் திதியன்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள். ஒரு வடையை மதில்மேல் வைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகுதான் சாப்பிட்டாள்.

மறுநாள் உப்புமா கிண்டினேன். "இன்னிக்கி யாருக்கும் வெக்க வேணாம்ல?" என்று கேட்டுக்கொண்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். உப்புமாவைப் பார்த்து இவ்வளவு நிம்மதி அடைகிற பிள்ளைக்கு நல்ல சாப்பாட்டை எப்படிப் பழக்குவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.